முட்டை அட்டை, ரப்பர் கொட்டை, வெண்கட்டி: பிள்ளைகளோடு விளையாடத் தொடங்குபவர்களுக்கு

"பிள்ளைக்கு மூளை வளர என்ன சாமான் வாங்கலாம்?" எங்கள் தாமான் (குடியிருப்பு) வாட்ஸ்அப் புலனக் குழுவில் இந்தக் கேள்வி அடிக்கடி வரும். உடனே நாலு பேர் நாலு படம் அனுப்புவார்கள். மரக்கட்டைப் பெட்டி, காந்தப் பலகை, பேசும் புத்தகம். விலையைப் பார்த்தால் ஒரு வார மளிகைச் செலவு. வாங்கிய வீடுகளில் அந்தப் பெட்டி இப்போது அலமாரிக்கு மேலே தூசி படிந்து கிடக்கிறது.

மலேசியாவின் பெஸ்தாரி ஜெயா மாதிரி தோட்டத்து ஊரில் இருப்பவர்களுக்கு அந்தச் செலவு தேவையில்லை. (பெரியவர்களுக்கு இது இன்னமும் பழைய பெயரில் பத்தாங் பெர்ஜுந்தைதான்.) சுற்றிலும் செம்பனை என்றாலும் எங்காவது நாலு பழைய ரப்பர் மரம் நிற்கும். வீட்டில் முட்டை அட்டை, புளியங்கொட்டை, தைத்து மிஞ்சிய துணி, சில்லறைக் காசு, ஒரு துண்டு வெண்கட்டி இருக்கும். நான் சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் இவ்வளவே போதும். நாலு வயதிலிருந்து பன்னிரண்டு வயதுவரை உள்ள பிள்ளைகளை மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

ஆறாம் ஆண்டு யூபிஎஸ்ஆர் தேர்வை 2021இல் எடுத்துவிட்டாலும் 'உயர்நிலைச் சிந்தனைக் கேள்வி' என்ற பயம் பெற்றோரை விட்டுப் போகவில்லை. அதற்கும் ஒரு டியூஷன் தேடுகிறார்கள். அஞ்சடியில் (வீட்டு முன்தாழ்வாரத்தில்) உட்கார்ந்து ஆடு புலி ஆடும் பிள்ளை அந்த வேலையைத்தான் செய்கிறது. நாம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

முதலில் பெரியவர்களுக்கு

நம் வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு. பிள்ளை கொஞ்சம் யோசித்தாலே, "இங்க வைடா, அங்க இல்ல" என்று கையைப் பிடித்து வைத்துவிடுவோம். அப்போது யோசித்தது நாம், கையை அசைத்தது மட்டும் பிள்ளை. ஆகவே காயை எடுப்பதற்கு முன்னால் இதைப் பழகிக்கொள்ளுங்கள்: பிள்ளையின் முறை வந்ததும் மனத்துக்குள் பத்துவரை எண்ணுங்கள். அதற்குள் எதுவும் சொல்லாதீர்கள். பிள்ளை காயை வைத்த பிறகு மட்டும், "ஏன் அங்க வச்சே?" என்று கேளுங்கள். நல்ல ஆட்டம் ஆடியபோதும் கேட்க வேண்டும். தப்பு செய்தால் மட்டும் கேட்டால், அந்தக் கேள்வி வந்தாலே தப்பு என்று பிள்ளை கண்டுபிடித்துவிடும்.

வேண்டுமென்றே தோற்கவும் வேண்டாம். ஆறு வயதுப் பிள்ளைக்கே அது தெரிந்துபோகும். அதற்குப் பதிலாக ஆட்டத்தின் தொடக்கத்திலேயே பிள்ளைக்குக் கூடுதலாக நாலு கொட்டை கொடுத்துவிட்டு, பிறகு மெய்யாகவே ஆடுங்கள். பரிசு, மிட்டாய், புள்ளிப் பட்டியல் எதுவும் தேவையில்லை என்பது என் எண்ணம். மிட்டாய் வந்துவிட்டால் கண் அதன் மேல்தான் இருக்கும்.

பாதுகாப்பு பற்றி ஒரு வார்த்தை. மூன்று வயதுக்குக் கீழே தம்பி தங்கை இருந்தால் கொட்டைகளைத் தரையில் விட்டுவிட்டு எழாதீர்கள், தொண்டையில் சிக்கும். ரப்பர் கொட்டையைப் பச்சையாக மெல்லவும் கூடாது, அதில் நஞ்சு உண்டு. சிவப்பு விதை சேர்க்கும்போது இன்னும் கவனம் வேண்டும். முழுவதும் சிவப்பாக, தட்டையாக இருப்பது சாகா மரத்து விதை, நாம் ஆனைக்குன்றிமணி என்பது. சிவப்பில் ஒரு முனை மட்டும் கறுப்பாக இருந்தால் அது கொடியில் காய்க்கும் குன்றிமணி. அதன் பருப்பு கொடிய விஷம். அது வீட்டுக்குள்ளேயே வர வேண்டாம்.

கொட்டை பிரிப்பது (4 வயதிலிருந்து)

இதை யாரும் விளையாட்டாகவே நினைப்பதில்லை. சின்னப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியாது.

ரப்பர் காய் வெடித்துக் கொட்டை விழும் காலத்தில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள். வெவ்வேறு இடத்தில் நிற்கும் மூன்று மரங்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றின் அடியிலும் பத்துப் பத்துக் கொட்டை பொறுக்கித் தனித்தனிப் பையில் போடுங்கள். பக்கத்து மரக் கொட்டை உருண்டு வந்து கலக்காத இடமாகப் பாருங்கள். வீட்டுக்கு வந்து மூன்றையும் ஒரே தட்டில் கொட்டிக் கலக்கிவிட்டு, "எது எது ஒரே மரத்துப் பிள்ளைங்க? பிரிச்சு வை" என்று சொல்லுங்கள்.

முடியுமா என்று கேட்பீர்கள். முடியும். கொட்டையின் ஓடு தாய்மரத்தின் திசுவிலிருந்து உருவாவது. அதனால் ஒரு மரத்துக் கொட்டைகள் எல்லாம் வடிவத்திலும் புள்ளிக் கோலத்திலும் ஒரே சாயலாக இருக்கும். கொட்டையைப் பார்த்தே இது எந்த ரகம் என்று சொல்லும் பழைய தோட்டக்காரர்கள் உண்டு. ஒட்டுக்கட்டி ஒரே ரகமாக நட்ட நிரையில் பொறுக்கினால் மட்டும் இந்த விளையாட்டு நடக்காது, அங்கே எல்லா மரமும் ஒன்றுதான்.

பிள்ளை முதலில் பெரிது சிறிது என்று பிரிக்கும். அது சரிப்படாதபோது நிறத்தைப் பார்க்கும். பிறகுதான் கொட்டையைத் திருப்பி, வயிற்றுப் பக்கம் தட்டையா உருண்டையா, புள்ளி நீளமா வட்டமா என்று பார்க்கத் தொடங்கும். அந்தத் திருப்பிப் பார்க்கும் நேரத்தில் குறுக்கே பேசாதீர்கள்.

முட்டை அட்டைச் சோங்காக் (6 வயதிலிருந்து)

சோங்காக் என்பது பல்லாங்குழி மாதிரியான மலாய் ஆட்டம். முப்பது முட்டை அட்டையில் ஆறு ஆறாக ஐந்து வரிசைக் குழிகள் இருக்கும். இரண்டு வரிசையாக வெட்டினால் ஒரு அட்டையில் இரண்டு பலகை கிடைக்கும், ஒரு வரிசை மிஞ்சும். பலகையின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு கிண்ணம் வையுங்கள். கடையில் விற்கும் மரச் சோங்காக்கில் பக்கத்துக்கு ஏழு குழி, குழிக்கு ஏழு விதையாக 98 விதை. நமக்கு ஆறு குழி போதும்.

ஆடும் முறை:

1. இருவரும் எதிரெதிரே உட்காருங்கள். உங்கள் பக்கத்து ஆறு குழியும் இடக்கைப் பக்கக் கிண்ணமும் உங்களுடையவை.
2. குழிக்கு மூன்று கொட்டை போடுங்கள். பழகிய பிறகு ஆறு.
3. உங்கள் குழி ஒன்றைக் காலி செய்து, இடப்பக்கமாக ஒவ்வொரு குழிக்கும் ஒன்றாகப் போட்டுக்கொண்டே போங்கள். உங்கள் கிண்ணத்திலும் ஒன்று போடுங்கள். எதிராளியின் கிண்ணத்தைத் தாண்டிவிடுங்கள்.
4. கடைசிக் கொட்டை உங்கள் கிண்ணத்தில் விழுந்தால் இன்னொரு ஆட்டம் உங்களுக்கே.
5. கொட்டை உள்ள குழியில் விழுந்தால் அதை அள்ளிக்கொண்டு தொடருங்கள்.
6. உங்கள் பக்கத்துக் காலிக் குழியில் விழுந்தால், அதற்கு நேர் எதிர்க் குழியில் இருப்பது உங்கள் கிண்ணத்துக்கு. எதிர்ப் பக்கக் காலிக் குழியில் விழுந்தால் அந்த முறை போச்சு.

எல்லாக் குழியும் காலியானதும் கிண்ணத்தை எண்ணிப் பாருங்கள்.

இதில் ஒரு ரகசியம் இருக்கிறது, பிள்ளையிடம் சொல்லிவிடாதீர்கள். கிண்ணத்திலிருந்து எண்ணினால் மூன்றாவது குழியில் மூன்று கொட்டை இருக்கும்போது, கடைசிக் கொட்டை நேராகக் கிண்ணத்துக்குள் போய் விழும். முதல் குழியில் ஒன்று, இரண்டாவதில் இரண்டு, எல்லாம் அதே கணக்கு. அதனால்தான் குழிக்கு மூன்று வைத்து ஆடும்போது மூன்றாவது குழியை முதலில் எடுப்பவருக்கு இன்னொரு ஆட்டம் கிடைக்கிறது. பிள்ளை இதைத் தானாகக் கண்டுபிடிக்கப் பல நாள் ஆகலாம். கண்டுபிடித்த நாளில் சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். பிறகு குழிக்கு ஆறு போட்டு ஆடச் சொல்லுங்கள். இப்போது எந்தக் குழியை முதலில் எடுப்பது என்று அதுவாகவே யோசிக்கும்.

வீட்டில் பாட்டிக்குப் பல்லாங்குழி தெரிந்தால் விட்டுவிடாதீர்கள். குழியில் நாலு சேர்ந்ததும் 'பசு' என்று எடுத்துக்கொள்ளும் அந்த ஆட்டத்தில், போட்டுக்கொண்டே போகும்போதே எல்லாக் குழியையும் கண்ணால் கணக்கெடுக்க வேண்டும். அதே அட்டை அதற்கும் ஆகும்.

ஆடு புலி (7 வயதிலிருந்து)

எனக்குப் பிடித்தது இதுதான். ஆகவே கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

பலகை வரைவதே முதல் வேலை. அஞ்சடித் தரையில் வெண்கட்டியால் வரையலாம். உச்சியில் ஒரு புள்ளி வையுங்கள். அதிலிருந்து நாலு கோடு விசிறி விரிவதுபோல் கீழே வரட்டும். நாலின் அடியையும் ஒரு படுக்கைக் கோட்டால் சேருங்கள். உச்சிக்கும் அடிக்கும் நடுவே மூன்று படுக்கைக் கோடுகள், இரண்டு பக்கமும் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டு இருக்கட்டும். இடப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் மூன்று முனைகளையும் மேலிருந்து கீழாக ஒரு கோட்டால் இணையுங்கள், வலப்பக்கமும் அப்படியே. இப்போது கோடுகள் சேரும் இடங்களைப் பிள்ளையை எண்ணச் சொல்லுங்கள். 23 வர வேண்டும்: உச்சி ஒன்று, மூன்று வரிசையில் ஆறு ஆறாக 18, அடியில் 4. குறைந்தால் எங்கோ ஒரு கோடு விட்டுப்போயிருக்கிறது. எந்தக் கோடு என்று அதையே தேடச் சொல்லுங்கள்.

புலி மூன்று, ஆடு பதினைந்து. புலிக்கு ரப்பர் கொட்டை, ஆட்டுக்குப் புளியங்கொட்டை. நாங்கள் ஆடும் முறையில் ஒரு புலி உச்சியிலும், இரண்டு அதற்குக் கீழ் வரிசையின் நடு இரண்டு இடங்களிலும் நிற்கும். ஆட்டுக்காரர் முறைக்கு ஒரு ஆட்டைக் காலியிடத்தில் இறக்குவார். பதினைந்தும் இறங்கும்வரை எந்த ஆடும் நகரக் கூடாது. புலி முறைக்கு ஒரு இடம் நகரலாம், அல்லது பக்கத்தில் ஆடு நின்று அதற்கு நேர் பின்னால் இடம் காலியாக இருந்தால் தாண்டி அந்த ஆட்டை வெட்டலாம். எத்தனை ஆடு போனால் புலிக்கு வெற்றி என்பது வீட்டுக்கு வீடு மாறும். நாங்கள் ஐந்து என்று வைத்திருக்கிறோம். மூன்று புலியும் நகர வழியில்லாமல் மாட்டிக்கொண்டால் ஆடு ஜெயித்தது.

முதல் வாரம் பிள்ளைக்குப் புலியைக் கொடுங்கள். புலியாக ஆடுவது சுலபம், வெட்டுவதில் உற்சாகமும் உண்டு. பிறகு ஆட்டுப் பக்கம் மாற்றுங்கள், சிந்தனையெல்லாம் அங்கேதான். எங்கள் வீட்டில் ஒரு சாயங்காலம், மழை அடித்துக்கொண்டிருந்தது. மாமனார் புலி, மகள் ஆடு. அவள் கையில் ஒரு ஆட்டை வைத்துக்கொண்டு நெடுநேரம் இறக்கவே இல்லை.

"என்ன தாயி, ஆடு கையிலயே வளர்ந்துடும் போலிருக்கே?"

"இருங்க தாத்தா. இங்க வச்சா நீங்க தாண்டிடுவீங்க. அதுக்குப் பின்னால இன்னொன்னு இருந்தா தாண்ட முடியாதுல்ல?"

"முடியாதுதான்."

"அப்போ பின்னால உள்ளத முதல்ல வைக்கணும்." ஆட்டைக் கொண்டுபோய் ஓரத்தில் இறக்கினாள்.

மாமனார் ஒன்றும் சொல்லவில்லை, புலியை நகர்த்திவிட்டுக் கோப்பியை எடுத்துக்கொண்டார். அன்று அவர்தான் ஜெயித்தார். ஆனால் அடுத்த ஆட்டத்திலிருந்து அவள் ஓரங்களை முதலில் நிரப்பிக்கொண்டு உள்ளே வர ஆரம்பித்தாள். முன்னால் நிற்கும் ஆட்டைக் காப்பது பின்னால் நிற்கும் ஆடு என்பதை யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. நீங்களும் சொல்லிக்கொடுக்காதீர்கள்.

புளியங்கொட்டைத் தாயம்

நாலு புளியங்கொட்டையை எடுத்து ஒரு பக்கம் மட்டும் சிமெண்டுத் தரையில் தேய்த்து வெள்ளையாக்குங்கள். தேய்க்கும்போது சூடு ஏறும், விரல் பத்திரம். நாலையும் உருட்டினால் எத்தனை வெள்ளை மேலே தெரிகிறதோ அத்தனை எண். ஒன்றுமே தெரியாவிட்டால் 8. தாயக் கட்டம் ஆடத் தெரிந்தவர்கள் அப்படியே ஆடலாம்.

கட்டம் போடாமலும் ஒரு விளையாட்டு உண்டு. ஒரு தாளில் 1, 2, 3, 4, 8 என்று ஐந்து நிரல் வரைந்து, ஆளுக்கு ஒரு எண் தேர்ந்தெடுக்கட்டும். ஐம்பது தடவை உருட்டி, விழுந்த எண்ணுக்குக் கீழே ஒரு கோடு போடுங்கள். பிள்ளைகள் பெரும்பாலும் 8ஐத்தான் பிடிப்பார்கள், பெரிய எண் அல்லவா! உருட்ட உருட்ட 2இன் கீழே கோடுகள் ஏறிக்கொண்டே போகும். நாலு கொட்டை விழக்கூடிய விதங்கள் மொத்தம் 16. அதில் 2 வருவது ஆறு விதத்தில், 1க்கும் 3க்கும் நாலு நாலு, 4க்கும் 8க்கும் ஒவ்வொன்று மட்டும். கொட்டை கையால் தேய்த்ததால் கணக்கு அச்சாக வராது, ஆனாலும் சாயல் தெரியும். மறுநாள் திரும்ப ஆடும்போது எந்த எண்ணைத் தேர்ந்தெடுக்கிறது என்று பாருங்கள்.

அஞ்சாங்கல் தைப்பது

கருங்கல்லைவிடத் துணிக்கல் நல்லது, கை வலிக்காது, வீட்டுக்குள்ளும் ஆடலாம். 5 இன்ச் நீளம், இரண்டரை இன்ச் அகலத்தில் ஐந்து துண்டு வெட்டுங்கள். ஒரு துண்டை நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி இரண்டாக மடித்தால் சதுரம் வரும். மடிப்பு ஒரு பக்கம் இருக்க, அடியையும் மறு பக்கத்தையும் தைத்து மேலே வாயை விட்டுவிடுங்கள். திருப்பிப் போட்டு, பச்சைப்பயறோ அரிசியோ முக்கால் பங்கு நிரப்புங்கள்.

இப்போதுதான் வேடிக்கை. வாயைத் தலையணை உறைபோல் நேராக மூடாமல், பக்கத் தையலும் எதிர் மடிப்பும் நடுவில் ஒன்றையொன்று தொடும்படி, குறுக்கு வாட்டத்தில் பிடித்துத் தையுங்கள். அப்படி மூடுவதற்கு முன்னால் நிறுத்தி, "இது எத்தனை முகம் உள்ள உருவமா வரும்?" என்று கேளுங்கள். சதுரப் பையிலிருந்து முக்கோண முகம் நாலு வருவதைப் பல பெரியவர்களே நம்புவதில்லை. தைத்து முடித்ததும் முகம் 4, முனை 4, ஓரம் 6 என்று பிள்ளை விரலால் தொட்டு எண்ணட்டும். ஊசி பிடிக்கத் தெரியாத பிள்ளைக்கு நிரப்புகிற வேலையைக் கொடுங்கள்.

ஆடும் முறை அக்கம்பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும், மலாய்க்காரப் பிள்ளைகளும் பத்து செரம்பான் என்று இதையே ஆடுகிறார்கள்.

நோன்புப் பெருநாளுக்கு முன்னால் பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய்க்கார அம்மா) கெத்துப்பாட் (ஓலைக்குள் வேகும் சோறு) உறை பின்ன உட்கார்ந்தால், பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துவிடுங்கள். பின்னக் கற்பது கடினம். பின்னிய ஒன்றை வாங்கி, எந்த ஓலை கடைசியாக உள்ளே போனது என்று கண்டுபிடித்து ஒவ்வொன்றாக அவிழ்ப்பது பத்து வயதுப் பிள்ளைக்கு முடியும்.

சில்லறை

பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) பிள்ளை கையில் 10 ரிங்கிட் கொடுத்துக் காய்கறி வாங்கச் சொல்வது எல்லாரும் செய்வதுதான். வீட்டில் செய்ய ஒன்று: 10, 20, 50 சென் நாணயங்களை (100 சென் ஒரு ரிங்கிட்) மேசையில் குவித்து, "1 ரிங்கிட் சேர்க்க எத்தனை வழி?" என்று கேளுங்கள். முதலில் மனம் போனபடி அடுக்கி, சொன்னதையே திரும்பச் சொல்லும். விட்டுப்போனது எது என்று தெரிய ஒரு ஒழுங்கு தேவை என்பது அதற்கே உறைக்கும்வரை விடுங்கள். இரண்டு 50 வைத்தால் ஒரு வழி. ஒரே 50 என்றால் மூன்று வழி. 50 இல்லாமல் ஆறு வழி. மொத்தம் 10. இதை முடித்த பிள்ளைக்கு 5 சென் நாணயத்தையும் சேர்த்துக் கொடுங்கள், 49 வரும். அது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குத் தாங்கும்.

1 சென் காசு ஏன் கையில் வருவதில்லை என்று பிள்ளை கேட்டால், கடை ரசீதையே காட்டுங்கள். 2008 ஏப்ரலிலிருந்து கூட்டுத்தொகையைப் பக்கத்து 5 சென்னுக்குத் திருத்துகிறார்கள். 7.42 என்றால் 7.40, 7.43 என்றால் 7.45. நமக்கு எப்போது லாபம், கடைக்காரருக்கு எப்போது லாபம் என்று அதுவே பட்டியல் போடட்டும்.

சிக்குக் கோலம் (9 வயதிலிருந்து)

வாசலில் தினமும் கோலம் போடும் வீடு குறைந்துவிட்டது, தீபாவளி பொங்கலோடு சரி. ஆனால் இந்த விளையாட்டுக்கு மாவு வேண்டாம், கட்டத்தாள் போதும்.

இரண்டு வரிசை, வரிசைக்கு மூன்று புள்ளி வையுங்கள். ஒரு ஓரப் புள்ளிக்கு வெளியே தொடங்கி, கோட்டைச் சாய்வாகப் புள்ளிகளுக்கு இடையே ஓட்டுங்கள். அடுத்தடுத்த இரண்டு புள்ளிக்கு நடுவே வரும்போதெல்லாம் கோடு குறுக்காகக் கடந்து போகும். வெளி ஓரம் வந்ததும் அங்குள்ள புள்ளியைச் சுற்றி வளைந்து உள்ளே திரும்பும். தொடங்கிய இடத்துக்கு வந்து சேரும்வரை கையை எடுக்காதீர்கள். எல்லாப் புள்ளியும் நாலு பக்கமும் வளைக்கப்பட்டுவிட்டதா? அப்படியானால் ஒரே கோட்டில் முடிந்தது. மிச்சம் இருந்தால் வேறு நிறத்தில் அடுத்த கோடு.

2க்கு 3 ஒரே கோட்டில் முடியும். 3க்கு 3 போட்டால் மூன்று கோடு வேண்டும். 2க்கு 4 இரண்டு. 3க்கு 4 மறுபடி ஒன்று. பெரிதாகப் போட்டால் கோடு கூடும் என்று நினைத்த பிள்ளை இங்கே குழம்பும், நல்லது. ஒரு அட்டவணை போட்டு, வரைந்ததை எல்லாம் எழுதி வரச் சொல்லுங்கள். வரிசை எண்ணையும் புள்ளி எண்ணையும் மீதியில்லாமல் வகுக்கும் மிகப் பெரிய எண்தான் கோடுகளின் எண்ணிக்கை. ஐந்தாம் ஆறாம் ஆண்டுப் பிள்ளை அட்டவணையிலிருந்து இதைக் கண்டுபிடித்துவிடும், பெரியவர்கள் அவசரப்பட்டு உடைக்காவிட்டால். கண்டுபிடித்ததும் 4க்கு 6 வரையாமலே சொல்லச் சொல்லி, பிறகு வரைந்து பார்க்கட்டும்.

சாமான்களை வைப்பது

ரப்பர் கொட்டையை இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவைத்துத்தான் டின்னில் போட வேண்டும், இல்லாவிட்டால் நம் ஊர் ஈரத்துக்குப் பூசணம் பிடிக்கும். ஓட்டை விழுந்ததை எறிந்துவிடுங்கள், உள்ளே புழு இருக்கும். அஞ்சாங்கல்லை மட்டும் மூடி இறுக்கமான டப்பாவில் வையுங்கள், பச்சைப்பயறு வாசத்துக்கு எலி வரும். மற்ற எல்லாம் ஒரே மைலோ டின்னில் அடங்கும். டின்னை அலமாரிக்கு மேல் ஏற்றாமல் பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில் வையுங்கள். கைக்குழந்தை உள்ள வீடு என்றால், மூடியைப் பெரிய பிள்ளை மட்டும் திறக்கும் அளவுக்கு இறுக்கி வையுங்கள்.